கார் ஏறாத புள்ளி

போன வாரம் என் மனைவியை லேப்டாப்பில் ஒரு புள்ளியாகப் பார்த்தேன்!

அக்கா மகள் நிவேதா பிஎச்.டி. செய்கிறாள். பேராசிரியர்களில் யார், யாரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்கள் என்று வலைப்படம் போடுவது அவள் வேலை. ஆளுக்கு ஒரு புள்ளி. இருவர் சேர்ந்து எழுதினால் நடுவில் ஒரு கோடு. கல்வராயன் மலைமேல் என் மனைவி விலங்கியல் நடத்தும் கல்லூரியையும் படம் போட்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் புரியல மாமா. பிசிக்ஸ் சார், காமர்ஸ் சார், தமிழ் மேடம்... மூணு பேரும் சேந்து எழுதிக்கினே இருக்காங்க. இன்னா சம்பந்தம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணு பேரும் கள்ளக்குறிச்சியிலேர்ந்து ஒரே கார்ல போறாங்கம்மா. பெட்ரோல் ஷேர்."

படத்தை மறுபடி பார்த்தாள். பக்கத்தில் இன்னொரு கூட்டம்... அது சின்னசேலம் கார். அறிவு ஆய்வகத்தில் வளர்கிறது என்று யார் சொன்னது? பின்சீட்டில்தான் வளர்கிறது.

ஓரத்தில் ஒரு புள்ளி, கோடே இல்லாமல்.

"அது அத்தை" என்றாள் மெதுவாக.

பதவி உயர்வுக்குக் கூட்டுக் கட்டுரை வேண்டுமென்று மனைவி ரொம்ப நாளாக அலைகிறாள். யாரைக் கேட்டாலும் 'பாக்கலாம் மேடம்' என்பார்களாம். காரணம் இப்போதுதான் புரிந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். அடுத்தவர் காரை நாசம் செய்யக் கூடாதே என்று பஸ்ஸில் ஜன்னலோரமாகப் போய் வருகிறாள்.

படத்தை அவளிடமே காட்டினோம்.

"நாளைக்குக் கள்ளக்குறிச்சி கார்ல இடம் கேக்கறேன்" என்றாள்.

கேட்டாள். முன்சீட்டையே கொடுத்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"கட்டுரை பத்திப் பேசினியா?"

"எங்கங்க பேசறது? வாயத் தொறந்தா வாந்தி வந்துடும்னு இறுக்கி மூடிக்கினே போனேன்."

போச்சு, இனி பஸ்தான் என்று நினைத்தேன்.

"ஆனா மலை ஏர்ற வரைக்கும் மூணு பேரும் அவங்கவங்க ஆராய்ச்சிய எங்கிட்ட சொல்லிக்கினே வந்தாங்க. நான் தலைய மட்டும் ஆட்டினேன். எறங்கறப்ப மூணு பேருமே, 'நம்ம சேந்து ஒண்ணு எழுதலாம் மேடம்'னுட்டாங்க."

நம் ஊரில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை... குறுக்கே பேசாமல் கேட்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்!