தேய்த்துக் கழுவிய தொட்டிகள்

என் கணவருக்கு போன்சாய் மரங்களைவிட அவற்றை வைக்கும் தொட்டிகள்மேல்தான் பிரியம். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் இருக்கிறது. பின்பக்கத்துப் பேட்டியோ முற்றத்தில் ஜூனிபர், பைன் என்று சில குட்டி மரங்கள். வீட்டுக்குள் புத்தக அலமாரி முழுக்க வெறும் தொட்டிகள். எல்லாம் ஜப்பானில் கையால் செய்தவை, பூச்சு எதுவும் இல்லாதவை, சுட்ட மண்ணின் பழுப்பும் சிவப்பும் மட்டும். வீட்டுக்கு வருபவர்கள், "எம்ப்டியா வெச்சிருக்கீங்களே, செடி வைக்கலையா?" என்று கேட்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் அதையேதான் கேட்டேன்.

பூச்சுப் போட்ட தொட்டி சூளையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ கடைசிவரை அப்படியே இருக்கும் என்பார் அவர். பூசாத தொட்டி மாறிக்கொண்டே வரும். வருஷக்கணக்காகத் தண்ணீரும் வெயிலும் மனிதர்களின் கையும் பட்டு, அதன்மேல் மங்கலாக ஒரு மெருகு ஏறும். சேகரிப்பவர்கள் அந்த மெருகுக்காகத்தான் அலைகிறார்கள். அடியில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பதற்கு முன்பே விளிம்பின் உள்பக்கம் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். செய்தவரின் விரல் அழுந்திய இடம் அங்கேதான் தெரியுமாம். சனிக்கிழமைகளில் காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் ஒரே தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒருமுறை சோப்பு வைத்துத் துடைக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது அழுக்கில்ல. இது வர்றதுக்கு ஒரு ஆயுசு ஆகும்."

ஒரு வசந்த கால மாலையில் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அவர் சட்டைக் கையெல்லாம் நனைய, சிங்க்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்டீல் ஸ்க்ரப்பர். பக்கத்தில் நான் குக்கர் அடிப்பிடித்தால் தேய்க்கும் பவுடர். கவுன்ட்டரில் துண்டு விரித்து, கழுவிய தொட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். சிங்க்கில் தேங்கிய தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"பாத்திரம் தேய்க்கறேன். நீ டயர்டா வருவேல்ல," என்றார். பிறகு ஒன்றை எடுத்துக் காட்டினார். "எவ்ளோ அழுக்கு பாரு."

அது அவர் ஜப்பானிலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த தொட்டி. வெளிறிப்போய், மேலெல்லாம் கம்பிக் கீறல். அவர் முகத்தில் வேலையை முடித்த திருப்தி இருந்தது. நான் குழாயை மூடினேன்.

அதற்கு முன்பே பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துப் பார்க்கிங்கில் காரை எங்கே விட்டோம் என்று தெரியாமல் போன் பண்ணியிருக்கிறார். ஆபீஸ் டென்ஷன் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். சிங்க்கைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. நரம்பு டாக்டர் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். என் கணவர் வட்டத்தை மிக அழகாக வரைந்துவிட்டு, எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினார். மறதி நோய் என்றார்கள். அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை. டல்லாஸில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னபோது, "ஓகே அம்மா, ஓகே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கோடையில் மரங்களுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். என்னால் அதையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. பென்சில்வேனியாவில் அவருக்கு ஒரு நண்பர் உண்டு. வயதான அமெரிக்கர், அவரும் தொட்டி சேகரிப்பவர்தான். மரங்களை எடுத்துக்கொள்ளும்படி அவரைக் கூப்பிட்டேன். அவர் அலமாரியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். என் கணவர் ஒரு தொட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"லுக், ஐ க்ளீன்ட் தெம் ஆல்."

நண்பர் அதைத் திருப்பி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டு, வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு, "எஸ். வெரி க்ளீன்," என்றார்.

ஒரு சின்னச் சிவப்புத் தொட்டி மட்டும், என் கணவர் எல்லாவற்றையும் தேய்த்த அன்று படுக்கையறையில் இருந்ததால் தப்பியிருந்தது. அதை என் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தேன். மரங்களைக் காரில் ஏற்றிய பிறகு அதைக் கொண்டுபோய் நண்பரிடம் நீட்டினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அதன்மேல் எவ்வளவு ஆசை என்று தெரிந்தது. ஆனாலும் என் கையிலேயே திருப்பி வைத்து, என் கணவர் இருக்கும்போது இதை வாங்க மாட்டேன் என்றார். கழுவியவற்றிலும் மெருகு மறுபடி வரும், இருபது முப்பது வருஷம் பொறுத்தால் போதும் என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு காரின் கதவைச் சாத்தினார்.

குளிர்காலத்தில் ஒரு நாள் நல்ல பனி. என் கணவரைப் போன்றவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் எடிசன் சென்டரை அன்று மூடிவிட்டார்கள். காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேபினட்டையெல்லாம் திறந்து திறந்து மூடினார். செருப்புகூட இல்லாமல் வாசல் கதவைத் திறக்கப் போனார்.

"வேல இருக்கு. எங்க வெச்ச?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மகளை வீடியோவில் கூப்பிட்டேன். "ஜஸ்ட் கிவ் ஹிம் சம்திங் டு டூ, அம்மா," என்றாள். தட்டுகளைக் கொடுத்தேன். "இது இல்ல," என்று தள்ளினார். அலமாரியில் இருந்த தொட்டிகளைக் கொடுத்தேன். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தேச்சாச்சு," என்றார்.

நான் போய்ப் புடவைகளை விலக்கி அந்தச் சிவப்புத் தொட்டியை எடுத்து வந்தேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கவிழ்த்து, அடியிலிருந்த முத்திரையைப் பார்த்தார். கட்டைவிரல் விளிம்புக்குப் போனது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் குழாயைத் திறந்தார். மெத்தென்ற ஸ்பாஞ்சைக் கொடுத்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு ஸ்க்ரப்பரை எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் பழுப்பாக இறங்கியது. நான் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"இங்க பாரு, இன்னும் போகல," என்றார்.

"நல்லாத் தேய்ங்க," என்றேன்.

முடிந்ததும் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்தார். நன்றாயிருக்கிறது என்றேன். அதன் பிறகு அமைதியாக உட்கார்ந்தார். தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, சோபாவிலேயே தூங்கிப்போனார்.