நெட்டி

வெள்ளவத்தை சலூனில் மகனுக்கு முடி வெட்டி முடிந்ததும், வெட்டிய தம்பி அவன் தாடையைப் பிடித்துக் கழுத்தைத் திருப்பப் பார்த்தான். "விடு! கழுத்தில கை வைக்காத!" என்று கத்திவிட்டேன். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொட்டாஞ்சேனையில் என் அப்பா நாட்டாமி. கொழும்பில் மூட்டை சுமப்பவர்களுக்கு அதுதான் பெயர். ஆறு நாளும் தலையில் வெங்காய மூட்டை. ஞாயிறு காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு சலூனுக்குப் போவார். சவரம் முடிந்ததும், "ஒரு நெட்டி எடுத்து விடுங்கண்ணே, கழுத்து இறுகிப் போச்சு" என்பார். மளுக்கென்று சத்தம் கேட்கும். நான் சிரிப்பேன்.

ஒரு ஞாயிறு சத்தம் கேட்டது, அப்பா எழும்பவில்லை. "கை கால் எங்க இருக்குன்னே தெரியலம்மா" என்றார்.

சுமந்து சுமந்து கழுத்தெலும்பு ஏற்கெனவே தேய்ந்து போயிருந்ததாம். இல்லாவிட்டால் ஒரு நெட்டியில் முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவது மிக அபூர்வம் என்றார் டொக்டர். அது யார் காதிலும் ஏறவில்லை. சலூன்காரரைத் தெருவே சேர்ந்து அடித்து விரட்டியது.

அப்பா மூட்டை சுமந்த கடை முதலாளி ஒரு பால்மாப் பெட்டியோடு பார்க்க வந்தார். "சலூன்ல நடந்ததுக்கு நான் என்ன செய்ய? இருந்தாலும் மனசு கேக்கல" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கியது. கை எழும்பவில்லை.

"எனக்கும் சேத்து நீ கும்பிடும்மா."

குனிந்து கும்பிட்டேன்.

"சொரி அக்கா" என்றான் சலூன் தம்பி. பாவம், அவனிடம் போய்க் கத்தியிருக்கிறேன். கத்த வேண்டிய இடத்தில் கும்பிட்டவள் நான்.