தேவகியின் ஜன்னல் தட்டு

1. பச்சை மாவு

"மறுபடியும் பவுடரையே எடுத்துண்டு வந்து நிக்கறியேம்மா. இத வெச்சிண்டு நான் என்ன பண்றது?" என்றார் என் கைடு. மயிலாப்பூர்க்காரர், திட்டினாலும் "அம்மா" போட்டுத்தான் திட்டுவார்.

அடையாறில் எங்கள் லேப். பிஎச்டியில் எனக்கு அது கடைசி வருடம். தீசிஸ் கொடுக்க வேண்டுமென்றால் என் பெயர் முதலில் வரும் கட்டுரை ஒன்றாவது வேண்டும். அதற்கு நான் தயாரித்த காப்பர் காம்ப்ளெக்ஸ் என்ற செம்புச் சேர்மத்தின் அமைப்பு தெரிந்தாக வேண்டும். காப்பரை எந்தெந்த அணு எந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டிவிடும். ஆனால் அதற்கு முழுசாக, கல் மாதிரி ஒரு கிறிஸ்டல் கொடுக்க வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் பச்சை மாவு.

கைடு பொறுமை இழந்து, என் பவுடரில் பாதியை அதே லேபில் ஆராய்ச்சி செய்யும் தேவகியிடம் கொடுத்துவிட்டார். "அவ கையில வந்துடும். யார் கிறிஸ்டல்ல ஸ்ட்ரக்சர் கிடைக்கறதோ, அவா பேர் முதல்ல."

மாதக்கணக்கில் காய்ச்சி வடித்தவள் நான். பெயர் அவளுக்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2. கைராசி

தேவகி தேனாம்பேட்டைக்காரி, என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள். அதற்குள் இரண்டு கட்டுரை போட்டிருந்தாள். லேபில் அவளுக்குக் கைராசிக்காரி என்றே பெயர். பொருளை மெத்தனாலில் கரைப்பாள், பீக்கர் வாயைப் பாராஃபிலிம் என்னும் மெழுகுத் தாளால் மூடுவாள், மெத்தனால் மெல்ல ஆவியாகிப் போக ஊசியால் நாலு ஓட்டை போடுவாள், ஜன்னல் தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். கிறிஸ்டல் வந்துவிடும்.

நானும் அதையேதான் செய்தேன். அவள் ஊசியையே வாங்கி ஓட்டை போட்டும் பார்த்துவிட்டேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, அவள் தட்டிலேயே அவள் பீக்கரை ஓரம் தள்ளி என்னுடையதை வைத்தேன்.

"இன்னாடி, இங்க வந்து குந்திக்கினே? எனக்கே எடம் பத்தல."

"உன் ராசி எனக்கும் கொஞ்சம் ஒட்டட்டுமே."

வாய் சிரித்தது. வயிறு எரிந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் பீக்கரின் அடியில் கற்கண்டு மாதிரி பச்சைக் கற்கள். பக்கத்திலேயே என் பீக்கரில் வெறும் பச்சைத் தண்ணீர். அன்று திருவான்மியூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதுகூடச் சந்தோஷமாக இல்லை.

3. ஒட்டிய கல்

எக்ஸ்ரே மெஷின் பார்ப்பவர் உதட்டைப் பிதுக்கினார். "பாக்க சோக்கா கீது மேடம். ஆனா ட்வின். ரெண்டு கல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு வளந்துகீது. டேட்டா தேறாது."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளத்தான் பெரும்பாடு பட்டேன்.

அடுத்த வாரம் என் பீக்கரிலும் கற்கள் விழுந்தன. சின்னக் கற்கள்தான், ஆனால் ஒட்டல் இல்லை. ஸ்ட்ரக்சர் வந்தது: காப்பரைச் சுற்றிச் சதுரமாக நான்கு நைட்ரஜன், தலைக்கு மேல் ஒரு தண்ணீர் மூலக்கூறு. என் பெயர் முதலில் என்று கைடு சொல்லிவிட்டார். மைசூர்பாகு வாங்கிவந்து, வேண்டுமென்றே தேவகியிடம் முதலில் நீட்டினேன்.

"பாத்தியா, ராசி என் பக்கம் வந்துடுச்சு."

"ராசியாவது இன்னாவது," என்றாள், வாய் நிறைய மைசூர்பாகோடு. "என் கல்லுல துளி நுணுக்கி உன் பீக்கர்ல நான்தான் போட்டேன். வெத போட்டா மொளைக்காம இன்னா பண்ணும்?"

"எனக்காகவா போட்டே?"

"உனக்கோசரமா? நீ எடத்தக் காலி பண்ற மாதிரியே தெரியல. நான் அடுத்த பீக்கர் வெக்கணுமில்ல?"

இன்றைக்கு ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பீக்கரில் கிறிஸ்டல் வரவில்லையென்றால், வந்தவரிடம் போய் ஒரு துளி கேளுங்கள். கொடுத்துவிடுவார்கள். நான் அவள் ஊசியைப் பார்த்தேன், ஓட்டையைப் பார்த்தேன், தட்டைப் பிடித்தேன். கேட்க மட்டும் வாய் வரவில்லை.

தேவகி வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஜன்னல் தட்டு முழுக்க இப்போது எனக்குத்தான். போன இடத்திலும் அவளைக் கைராசிக்காரி என்கிறார்களாம். கேட்டதும் எனக்கு மறுபடி வயிறு எரிந்தது.