முன்னால் சாம்பல், பின்னால் பழுப்பு

அந்தக் காலத்துப் பம்பாயில், செம்பூர் காலைகளை நினைத்தால் முதலில் பனிதான் ஞாபகம் வருகிறது. பனி என்று சொல்லலாமா தெரியவில்லை. பாதி பனி, பாதி ஆலைப் புகை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சாரி வீடுகள் இருக்காது. எருமையின் மணிச்சத்தம் தெருவில் போகும், எருமை தெரியாது. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், நான் இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறேனோ என்று பல நாள் சந்தேகப்பட்டிருக்கிறேன். பக்கத்தில் படுத்திருந்த மனிதராலும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. தூக்கத்தில் அவர் கை எதையோ பிடித்து முன்னும் பின்னும் தள்ளும். எழுப்பிக் கேட்டால், "கியர் மாத்துனேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

தாராவியில் அவருக்கு ஒரு சின்னக் கடை. டாக்ஸிகளுக்கு பிரேக் லைனிங் அடிக்கும் கடை. இப்போது டிஸ்க் என்கிறார்கள், பேட் என்கிறார்கள். அப்போது எங்கள் கடைக்கு வந்த கார்களில் நாலு சக்கரத்திலும் டிரம்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டி அது. அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ, ஷூவின் முதுகில் ரிவெட் ஆணி அடித்த லைனிங் பட்டை. பிரேக்கை மிதித்தால் ஷூ விரியும், லைனிங் சட்டியில் உரசும், கார் நிற்கும். லைனிங் தேய்ந்தால் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிது அடிக்க வேண்டும். செருப்புக்கு அடி மாற்றுகிற வேலைதானே என்று நான் கேலி செய்வேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

ஏனென்றால் அவருக்குப் பந்தய ஆசை. ஜுஹுவில் விமானம் இறங்கும் பாதையில் அப்போதெல்லாம் கார்ப் பந்தயம் விடுவார்கள். விபத்தில் நசுங்கிய பழைய பியட் ஒன்றை வாங்கி, கிடைத்த நேரமெல்லாம் தட்டித் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தார். பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. நீளமான அந்தப் பாதையின் கோடி வரை முழு வேகத்தில் வந்து, பிரேக் அடித்து, அங்கே வைத்திருக்கும் தகரப் பீப்பாய்களைச் சுற்றித் திரும்ப வேண்டும். பீப்பாய்களுக்கு அப்பால் ஒரு பள்ளம். முந்தின தடவை ஒருவருக்கு பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், காரோடு அதில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதையும் இவரேதான் என்னிடம் ரசித்துச் சொன்னார்.

"அதனாலதான லைனிங்க பாத்துப் பாத்து எடுக்கேன்" என்று சமாதானம் வேறு.

பிரேக் அடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாயும். அதனால் முன்சக்கரங்களுக்குத்தான் உழைப்பும் சூடும் அதிகம். எவ்வளவு சூட்டிலும் பிடியை விடாத லைனிங் முன்னால் வேண்டும். பின்னால் கொஞ்சம் சாதுவானது போதும். பின்சக்கரம் முந்திக்கொண்டு இறுகினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். நான் பாதிதான் கேட்பேன். ஆனாலும் மத்தியான நேரத்தில் தனியாகப் படுத்துக் கண்ணை மூடினால், ஒரு கார் சத்தமே இல்லாமல் தூரத்திலிருந்து வந்து என் முன்னால் நிற்கும். மறுபடி வரும், மறுபடி நிற்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

கடைசியில் இரண்டு சரக்கு மிஞ்சின. ஒன்று சாம்பல் நிறம், ஊடே பித்தளைக் கம்பி வைத்து நெய்தது. இன்னொன்று பழுப்பு, அச்சில் வார்த்தது. சூடில்லாதபோது இரண்டும் ஒரே மாதிரி பிடித்தன. எது சூட்டைத் தாங்குகிறதோ அது முன்னால் போக வேண்டும். கடையில் வைத்துச் சுட்டுப் பார்க்க வழியில்லை. பக்கத்தில் பஞ்சுக் கழிவு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள், அங்கே பீடி பற்றவைத்தாலே சண்டை வரும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் நான் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், வீடெல்லாம் புகை. ஸ்டவ்வின் மேல் என் தோசைக்கல். தோசைக்கல்லின் மேல் பழுப்பு லைனிங். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கல்லில் நான் சப்பாத்திகூடப் போட விட்டதில்லை. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை எழும்பாது என்று பம்பாய்க்கு வந்த நம் ஆட்கள் வீட்டிலெல்லாம் இரண்டுக்கும் தனித்தனிக் கல்தான்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அது தோசைக்கல்லு."

"சப்பாத்திக் கல்லு மெல்லிசு, சூடு நிக்காதுல்லா" என்றார், கண்ணை எடுக்காமல். "மொதல்ல சாம்பல வச்சேன். கொஞ்ச நேரத்துலயே பொகஞ்சிட்டு. பழுப்பு அதே நேரம் இருந்தும் அசையல பாரு. ஏக்தம் பக்கா. பழுப்பு முன்னால, சாம்பல் பின்னால."

சாயங்காலத்துக்குள் அப்படியே அடித்து மாட்டியும் விட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கல்லைத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கட்டுச்சாப்பாட்டுக்குத் தோசை வார்த்தேன். முதல் தோசை ஒட்டிக்கொண்டது. அது எப்போதும் நடப்பதுதான். இரண்டாவதும் ஒட்டியது. மூன்றாவதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் நல்லெண்ணெய் குடித்துக் கறுத்து மினுங்கிய கல், கழுவின அம்மி மாதிரி வெளிறிக் கிடந்தது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே அவரை மனதுக்குள் வைதேன். வைதுகொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. இத்தனை எண்ணெயும் எங்கே போயிற்று?

"இங்க பாருங்க. நேத்து பொகஞ்சது லைனிங் இல்ல, கல்லுல இருந்த எண்ணெ. மொதல்ல எத வச்சிருந்தாலும் பொகஞ்சிருக்கும்."

பல்லில் பிரஷ்ஷோடு வந்து நின்றார். அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். மிச்சத் துண்டுகளை எடுத்து வந்து, கல்லை நேற்றைவிட அதிகமாகப் பழுக்கக் காய்ச்சி, இந்த முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் ஸ்டவ் முன்னால் குந்தியிருந்து பார்த்தோம். சாம்பல் அப்படியே இருந்தது. பழுப்பு மெல்ல மினுமினுத்து, ஓரம் கருகி, நாற்றமடித்துப் புகைந்தது.

முடிவு தெரியாமல் இருந்ததால் இரண்டு நிறத்திலும் முன்னுக்கும் பின்னுக்கும் அளவாக வெட்டி வைத்திருந்தார், அது நல்லதாய்ப் போயிற்று. பனிக்குள் காரை மெதுவாக ஓட்டித் தாராவிக்குப் போனோம். அவர் பழைய ரிவெட்டுகளைத் தட்டி எடுத்தார். நான் புது ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். முன்னால் சாம்பல், பின்னால் பழுப்பு. புது லைனிங் சட்டியோடு பழக வேண்டும் என்று ஜுஹு போகிற வழியெல்லாம் வேகமெடுப்பதும் பிரேக்கை அமுக்குவதுமாகப் போனார். மாஹிம் தாண்டும்போது கடல் இருக்கும் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அதற்குள்ளிருந்து படகு ஒன்று வந்து அதற்குள்ளேயே போயிற்று. நான் முன்னால் சாய்வதும் பின்னால் சாய்வதுமாக, மடியில் தோசைப் பொட்டலத்தோடு, அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தேன். இப்படியே போய்க்கொண்டே இருந்தால் போதும், பந்தயமே வேண்டாம் என்று நினைத்தேன்.

பெண்களுக்குப் பந்தல் போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். நான் அங்கே உட்காரவில்லை. பாதையின் கோடிக்கு நடந்து, பள்ளத்துக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் நிற்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

வெயிலில் பாதை நடுங்கியது. அந்த நடுக்கத்திலிருந்து கார்கள் முதலில் சத்தமில்லாமல் பிறந்து, பிறகு இரைச்சலோடு பெரிதாகி வந்தன. எங்கள் காரின் ஒரு கதவு மட்டும் வேறு நிறம், உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அது பீப்பாய்க்கு எவ்வளவோ முன்னாலேயே மூக்கைத் தாழ்த்தி, பதவிசாக வேகம் குறைந்து திரும்பியது. எனக்கு உயிர் வந்தது. மற்றவர்கள் பீப்பாய் வரை வந்து பிரேக் அடித்து அவரை முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும் என்றிருந்தேன். கடைசிக்கு முந்தின ஆளாக முடித்தார்.

கூட்டம் கலைந்தபின் திடலிலேயே ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். சட்டியைத் தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டேன். ஆறின காப்பி டம்ளர் அளவுக்குத்தான் சூடு. உள்ளே சாம்பல் லைனிங் காலையில் அடித்தது அடித்தபடி இருந்தது.

"இதுக்குப் பழுப்பே போதுமாருந்திருக்கும். ஏன் அவ்வளவு முன்னாலயே மிதிச்சீங்க?" என்றேன்.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ போயி பள்ளத்துக்குப் பின்னால நிக்க. வண்டி நிக்கலன்னா பள்ளத்தத் தாண்டி ஒன் மேலல்லா வரும். ஒன் சேல தெரிஞ்சதும் காலு மிதிச்சிட்டு. இன்னும் கொஞ்சம் போலாம், இன்னும் கொஞ்சம் போலாம்னு ஒவ்வொரு சுத்துலயும் சொல்லிப் பாத்தேன். கேக்கல."

எனக்கு அழுகை வந்தது. வீட்டில் பார்த்தார்கள், கழுத்தை நீட்டினேன், வந்தேன். இவரை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று அதுவரை என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. பிடித்திருந்தது. அழுகையை மறைக்கக் கோபமாகப் பேசினேன்.

"அடுத்த தடவை நான் வீட்டுலயே இருக்கேன். நீங்க நல்லபடியா ஓட்டுங்க."

"நீ வரலன்னா நான் எதுக்கு ஓட்டணும்?" என்று கேட்டுவிட்டு, சக்கரத்தை எடுத்து மாட்டத் தொடங்கினார்.