குற்றாலத்துப் பதினாலு

வலது தோளை முடித்து இடது தோளுக்கு எண்ணெய் எடுக்கும்போது குத்தாலிங்கத்தை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். மகளுக்கு வலி கண்டிருக்கிறது என்று ஆள் வந்தபோதுகூட, கையிலிருந்த வக்கீலின் முழங்காலை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். "பாதி தேச்ச உடம்ப விட்டுட்டு ஓடுனா அது என்ன தொழிலு வே?" என்பார்.

மேலகரத்துக்காரர். மெயினருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிட அவருக்கென்று ஒரு கல். இடுப்புத் துண்டில், தொழில் செய்ய டவுன்ஷிப் ஆபீசில் கொடுத்த பித்தளை வில்லை, அதில் 14. வெளியூர்க்காரர்களுக்கு அவர் பேர் தெரியாது. "பதினாலு இருக்காரா?" என்று கேட்டுத்தான் வருவார்கள். அவருக்கு முகவரியே அந்த எண்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் சாரல் தொடங்கிய வாரம், வில்லை வைத்திருப்பவர்களையெல்லாம் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். குத்தாலிங்கம் கல்லில் ஒரு முதுகோடு இருந்தார். வரிசையில் இல்லாதவன் தொழிலை விட்டவன் என்று குமாஸ்தா விஸ்வேஸ்வரன் முடிவு கட்டி, பதினாலை இன்னொரு வில்லையில் அடித்து ஒரு புது ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை விசாரித்தால் குறைந்தா போயிருப்பார்? ஆபீசுக்கும் கல்லுக்கும் கூப்பிடு தூரம்!

அந்தப் புது ஆள் ஒரு வியாபாரியின் வாட்சோடு ஊரைவிட்டே ஓடினான். வியாபாரிக்கு நினைவிருந்தது எண் மட்டும். "பதினாலு திருட்டுப்பய" என்று லாட்ஜ் லாட்ஜாகச் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை மோதிரத்தைக் கழற்றிக் குத்தாலிங்கம் கையிலேயே கொடுத்துவந்த பழைய வாடிக்கைக்காரர், அதை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

குத்தாலிங்கம் ஆபீசில் போய்க் குதித்தார். "ஒரே நம்பர ரெண்டு பேருக்குக் குடுத்தது யாரு சார்? களவாண்டது அவன், கெட்ட பேரு எனக்கா?"

விஸ்வேஸ்வரன் அசரவில்லை. "இப்ப என்னங்கேரு? உமக்கு நாப்பத்தொண்ணு தாரேன். கெட்ட பேரு பதினாலோட போயிரும்லா?"

என்ன தாராள மனசு! தப்புச் செய்தவர் நாற்காலியில் இருப்பாராம், செய்யாதவர் எண்ணை விடவேண்டுமாம். மாற்றிக்கொண்டால் திருடினது இவர்தான் என்று இவரே ஒப்புக்கொண்டதாக ஆகாதா?

மறுநாள் காலையில் பியூன் நல்லதம்பி புது வில்லையோடு கல்லுக்கே வந்துவிட்டான். "அண்ணாச்சி, கையில குடுத்துட்டு வரச் சொன்னாவ. பிடிங்க."

குத்தாலிங்கம் திரும்பாமல் ஒரு கையை மட்டும் நீட்டினார். எண்ணெய்க் கை. நல்லதம்பி வில்லையை உள்ளங்கையில் வைத்தான். அவர் விரல்களை மடக்கவே இல்லை. அது வழுக்கி, கல்லுக்குக் கீழே நுரைத்து ஓடிய தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, அண்ணாச்சி!"

குத்தாலிங்கம் கிண்ணத்தில் விரல்களை நனைத்துக்கொண்டு இடது தோளுக்கு வந்தார்.