குசினிக்குள் ஒரு கட்டில்

நான் ஆறாம் வகுப்போடு நின்ற தச்சன். ஆனாலும் மலேசியாவின் கிள்ளானில் பாதி வீடுகளின் குசினி, சமையல் மேடையிலிருந்து அலமாரிவரை, என் கைவேலைதான். இன்டீரியர் டிசைன் படிக்கும் ஒல்லியான பெண் ஒருத்தி மரத்துண்டு கேட்டு என் பட்டறைக்கு வருவாள். எதைக் கண்டாலும் சாணால் அளப்பாள். வகுப்புக்காகத் தன் அடுக்குமாடி வீட்டையே மரத்தில் சிறு மாதிரியாகச் செய்திருந்தாள். அதில் குசினிக்குள் ஒரு குட்டிக் கட்டில் இருந்தது.

"ரெண்டு தடவ ஃபெயில் பண்ணிட்டாங்க அங்கிள். இது டிசைனே இல்லயாம்."

"கட்டில எடுத்துட்டு நடுவுல காய் நறுக்க ஐலண்ட் மேசை போடு லா. நான் சொல்றேன், பாஸாயிருவே."

"அப்ப அம்மா எங்க படுப்பாங்க?"

மேசைக்கென்று ஒரு மரத்துண்டை அறுத்து நீட்டினேன். அவளே நகத்தால் நெம்பிக் கட்டிலைப் பிடுங்கினாள். பாஸாகிவிட்டாளாம்; அப்புறம் வரவேயில்லை.

இப்போது எந்தக் குசினியை அளக்கப் போனாலும், இங்கே யாராவது படுக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு நாளும் கேட்டதில்லை.