பெரிய பாப்பா எழுதிய கட்டுரை

எங்கள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி நான். மற்றவள் பிஸ்கட் தகரத்தில் இருந்தாள்.

அவள் பெரிய பாப்பா, நான் சின்னப் பாப்பா. நான் அம்மா வயிற்றில் இருக்கும்போதே இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடுவது அக்கரையிலிருந்து எங்கள் சனங்களோடு கப்பலேறி இலங்கைக்கு வந்த வழக்கம். தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் கழித்துப் போட்ட பெரிய தகரம் ஒன்றைக் கழுவி, மஞ்சள் தடவி, லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் உயரமாக வைத்திருந்தார்கள். தைப் பொங்கலுக்கு மறுநாள் அதற்குள் ஒரு புதுப் பாவாடை போகும். போன வருஷத்துப் பாவாடை வெளியே வந்து எனக்குக் கிடைக்கும். அக்கா போட்டது தங்கைக்கு என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே? எனக்கு அதில் வருத்தமே இல்லை. தொளதொளவென்றிருக்கும், அதுதான் குறை.

ஏனென்றால் பெரிய பாப்பா வளர்ந்துகொண்டே இருந்தாள். பக்கத்துக் காம்பராவில் அவளோடு ஒரே மாதத்தில் பிறந்த ஒரு பெண் இருந்தாள். வருஷா வருஷம் அம்மா அவளை நிற்க வைத்து நூல் பிடித்து அளவெடுப்பாள். ஒரு தடவை அந்தப் பெண், "போதுங்க அத்தே, எனக்கு என்னமோ செய்யுது" என்று அழுதுகொண்டே ஓடிவிட்டாள். அம்மா நூலில் முடிச்சுப் போட்டு எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஹட்டன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் நான்தான் கெட்டிக்காரி. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? கண்டியில் ஒரு பெரிய கல்லூரி விடுதியோடு இலவச இடம் தருவதாகச் செய்தி வந்தது. தன்னைப் பற்றி இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதி, பிறப்புப் பத்திரத்தோடு அனுப்ப வேண்டும். கிடைக்காவிட்டால் எனக்குக் கொழுந்துக் கூடைதான். "பதிவுல பதினாலு ஆகுதேப்பா, புள்ளைய எப்ப வேலப் பெரட்டுக்கு அனுப்பப் போற?" என்று கங்காணி அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அம்மா கணக்கில் எனக்குப் பன்னிரண்டுகூட முடியவில்லை. பதிவு என்றால் இரண்டு மூன்று வயது கூடத்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன்.

இங்கிலீஷ் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. "பொய் எழுதக் கூடாது பிள்ளை. வீட்டிலை உள்ளதை உள்ளபடி எழுதும்" என்றார். எழுதினேன். எனக்குப் பன்னிரண்டு நடக்கிறது, எனக்கு ஓர் அக்கா, தகரத்தில் இருக்கிறாள், என்னைவிட உயரம், அவள் போட்ட பாவாடையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

டீச்சர் அதை வாசித்தார். பிறகு என் பாவாடையைப் பார்த்தார். நான் கொண்டுபோயிருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்ப இது ஆரின்ரை பத்திரம்?"

எனக்குத் தெரியவில்லை. கட்டுரையை நாலாக மடித்து என் கையில் வைத்து, "அப்பாவிட்டைக் காட்டும். வேறை ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம்" என்றார்.

அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "அடிப் பாவி மகளே! குடியக் கெடுத்தியே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்தில் பெரிய பாப்பாவின் பெயர் இருந்ததாம். ஒரு பெயர் பிசகினாலும் மொத்தக் குடும்பத்தையும் தள்ளிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியதில், அவள் செத்ததை அப்பா எங்குமே பதியவில்லை. தேயிலைக்குக் கீழே குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். பிறகு நான் பிறந்தேன். "புள்ள ஒண்ணு, பத்திரம் ஒண்ணு. யாருக்கு என்ன நட்டம்?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நான் இத்தனை நாளும் 'உள்ளேன்' சொன்னது அவள் பெயருக்கு. "அப்ப எனக்கு என்ன பேருங்கப்பா வச்சீங்க?" என்று கேட்டேன்.

அப்பா தகரத்தைப் பார்த்தார். "வைக்கலம்மா" என்றார்.

பத்திரத்துக்குப் பொருந்தும்படி கட்டுரையைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கொழுந்துக் கறை படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள்.

"எழுது. நீ பொறந்த அன்னைக்கு நல்ல வெயிலு. ரொட்டியக் குடுத்தா சுத்தி வர ஓரத்த மட்டும் கடிச்சிட்டு நடுவுல உள்ளத நாய்க்குப் போடுவ. பனி ஏறுனா ஒனக்கு பயம். என் முந்தானைக்குள்ள பூந்துக்குவ."

"எனக்குப் பனியில என்னங்கம்மா பயம்?" என்றேன்.

"எழுதும்மா" என்றாள். அவள் குரல் அவ்வளவு குழைந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எழுதினேன். வழக்கமாக ஒரு வரிக்கு மூன்று தடவை அழிக்கிற நான், அன்று ஓர் இடத்திலும் அழிக்கவில்லை. டீச்சர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஒரு திருத்தமும் போடாமல் உறையில் வைத்து ஒட்டினார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் பனி ஏறியது. தினமும் ஏறுகிற பனிதான். பின்னால் பாவாடை சரசரத்தது. என் பாவாடைதான், தொளதொளப்பில் சரசரத்தது. அது தெரிந்தும் ஓட்டமாய் ஓடினேன். முழங்கால் சிராய்த்து, அம்மாவின் முந்தானைக்குள் போய்த்தான் நின்றேன். அம்மா ஏன் என்று கேட்கவே இல்லை.

மார்கழியில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! அப்பா லயம் முழுக்கக் கற்கண்டு கொடுத்தார்.

அந்தப் பொங்கலுக்கு அம்மா பக்கத்துக் காம்பராப் பெண்ணைக் கூப்பிடவில்லை. முதல் தடவையாக என்னை நிற்க வைத்து நூல் பிடித்தாள். அப்பாடா, இனியாவது என் அளவுக்கு ஒரு பாவாடை என்று குதித்தேன். அம்மா அதைத் தைத்து, மடித்து, பூ வைத்துத் தகரத்துக்குள் வைத்து மூடினாள். நான் பழைய பாவாடையோடு கண்டிக்கு ரயிலேறினேன். "போயிட்டு வா பெரிய பாப்பா" என்று அம்மா வழியனுப்பினாள். அழுகையில் வாய் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கையை ஆட்டினேன்.

அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் அம்மா, கடைசிக் காம்பராவில் என்னோடு ஒரே மாதத்தில் பிறந்த பெண்ணை நிற்க வைத்து நூல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வந்துட்டேனேம்மா, என்னையே அளக்கலாமே?" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒன் அளவு சரிவராதும்மா" என்றாள்.

கண்டிச் சாப்பாட்டில் பெருத்துவிட்டேன் என்கிறாளாக்கும் என்று வெட்கப்பட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.